பிளக்கைப் பிடித்திருந்த கை

எறும்புகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

சுசீலாபாய் துடைப்பமும் கையுமாகக் குனிந்து நின்று அதைப் பார்த்தாள். பின்சுவரின் வெடிப்பிலிருந்து இறங்கிய சிவப்புச் சரம், தரையில் நீளக் கிடந்த கறுப்பு வயரின் மேல் ஏறி, வயர் வளைந்த இடமெல்லாம் தானும் வளைந்து, மூலையில் சிமெண்டுச் சாக்கில் பாதி சுற்றிக் கிடந்த கட்டரின் காற்றுத் துளைகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து மறைந்தது. கல் அறுக்கிற மெஷினுக்குள் எறும்புக்கு என்ன வைத்திருக்கிறது? செம்புக் கம்பி, கிரீஸ், கார்பன் பொடி. அடுப்பில் பால் வைத்திருந்தால் பொங்கி வழிந்திருக்கும், அவ்வளவு நேரம் நின்று பார்த்தாள். போனவை போனவைதான்.

“இஞ்ச பாருங்க. இந்தக் கட்டருக்குள்ள எறும்பு ஏறுது.”

முன்மேஜையில் ஒரு டிரில்லைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் வேதமாணிக்கம் தலையைத் தூக்கவில்லை. “பக்கத்துல கருப்பட்டி மண்டிய வச்சிக்கிட்டு எறும்பு ஏறாம பின்ன யானையா ஏறும்?”

கருப்பட்டிக்கு வருகிற எறும்பு எது என்று சுசீலாபாய்க்குத் தெரியும். அது கறுப்பு, திக்குத் தெரியாமல் ஓடும். இது சிவப்பு. செத்த பல்லியைத் தேடி வருகிற ஜாதி.

ஆரியசாலையில், சாலைக் கடைத்தெருவிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருந்தது அந்தக் கடை. முன்னால் மேஜை, நடுவில் மெஷின்கள், பின்னால் இருட்டு என்று நீண்டுகொண்டே போகும் ஒற்றை அறை. டிரில், கிரைண்டர், கட்டர், மரம் அறுக்கும் கை மெஷின், எல்லாம் வாடகைக்கு. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து இரண்டு பேருமாகத் தொடங்கிய தொழில். பழுது பார்ப்பது வேதமாணிக்கம். வாடகைக்குக் கொடுப்பதும், திரும்பி வந்ததைத் துடைத்து வைப்பதும் சுசீலாபாய்.

அவள் மூக்கைப் பற்றி அந்தச் சந்தில் தெரியாதவர்கள் இல்லை. பெருங்காயமும் வற்றல் மிளகாயும் கருவாடும் ஒன்றாக மணக்கிற தெருவில் இருந்துகொண்டு, ஒரு டிரில்லின் கைப்பிடியை முகர்ந்தே பிடித்தவன் பீடிக்காரனா, வெற்றிலைக்காரனா, மத்தியானமே குடித்தவனா என்று சொல்லிவிடுவாள். அடுத்தவன் வியர்வை பட்ட எதையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் துணியால் துடைத்து, பிறகு தன் கையையும் கழுவினால்தான் அவளுக்கு உயிர் வரும். மெஷின் எடுக்க வரும் வேலையாட்கள் அவளைக் கிண்டல் செய்வார்கள். அக்கா மெஷினைக் குளிப்பாட்டிப் பவுடரும் பூசித் தருவாள் என்பார்கள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கமும் உண்டு. கல்யாணமான புதிதில் வேதமாணிக்கம் ஒரு கிரைண்டரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, வாடகைக்கு வந்தவன் ஒருவன் தன் டிரில்லை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கையில் அகப்பட்ட பிளக்கை எடுத்துச் சாக்கெட்டில் செருகிவிட்டான். அது கிரைண்டரின் பிளக்கு. வேதமாணிக்கத்தின் பெருவிரல் நகம் வேரோடு போயிற்று. திரும்ப முளைத்தது, கோணலாக. அன்றைக்கே சுசீலாபாய் சட்டம் போட்டாள். மெஷினை யார் திறந்தாலும், பிளேடை யார் தொட்டாலும், அதன் பிளக்கு இன்னொருவர் கைக்குள் இருக்க வேண்டும். பிடுங்கிக் கீழே போட்டால் போதாது, பிடித்திருக்க வேண்டும். தொடுகிறவர் “கையிலயா?” என்று கேட்க வேண்டும். பிடித்திருக்கிறவர் “கையில” என்று சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஸ்பேனர்.

வாடகைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தரைக்கல் பதிக்கும் திரவியம் மேஸ்திரியோடு வரும் பிச்சைக்கனி என்கிற திசையன்விளைக்காரன் மட்டும் சிரிக்க மாட்டான். குறிசொல்வதைக் கேட்பவன் போல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான்.

இந்தச் சட்டத்தை மதித்த வேதமாணிக்கம் மற்றதையெல்லாம் மதித்தான் என்று சொல்ல முடியாது. பெரிய பிளேடு வேண்டும் என்று ஆட்கள் கேட்டதால், அந்தக் கட்டரின் பிளேடு மூடியைக் கழற்றி மேஜைக்கடியில் எறிந்தவன் அவன்தான். அமுக்கினால் அமுங்கியே நிற்கும் பட்டன் ஒன்று அதில் இருந்தது, விசையைப் பிடித்துக்கொண்டே இருந்து விரல் நோகாமலிருக்க. அதுவும் ஒருமுறை அமுங்கினால் லேசில் எழும்பாது. பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

முந்தின நாள் சாயங்காலம்தான் கட்டர் திரும்பி வந்தது. திரவியம் மேஸ்திரி வந்தால் ஒரு டீயைக் குடித்து, ஊர்க்கதை முழுவதும் பேசி முடிக்காமல் போக மாட்டார். நேற்று வாசலிலேயே சாக்கைக் கீழே வைத்தார். உள்ளே பார்க்கவில்லை. “கழுவியிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

கழுவியிருக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு மேஸ்திரி, ஒரே ஒரு மேஸ்திரி, மெஷினைக் கழுவிக் கொண்டுவந்து தந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் கட்டரை ஒரு கம்பால் சாக்கிலிருந்து தள்ளி வெளியே எடுத்தாள். பிளக்கு இல்லை. வழக்கம்போல அறுத்துவிட்டு, வயர் நுனியை உரித்துத் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். நுனியில் தீக்குச்சியின் கரி ஒட்டியிருந்தது. பிளக்கு இல்லாத மெஷினை அவள் திறக்க மாட்டாள். புதிதாக ஒன்றை எடுத்துத் தன் கையாலேயே மாட்டி, திருகை இறுக்கி, வயரை முன்மேஜைக்கு நீட்டினாள்.

“கையிலயா?”

“கையில,” என்றான் வேதமாணிக்கம், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

முதலில் மூக்கில் ஏறியது பினாயில். அதற்கடியில் நனைந்த கல்பொடி. அதற்கும் அடியில், வெட்டிப் போட்ட நகம் விளக்குத் திரியில் விழுந்தால் வருமே, அந்தத் தீய்ந்த நாற்றம். அதற்குப் பிறகு வந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் கறிக்கடை வெட்டுக்கட்டை எப்படி நாறுமோ அப்படி நாறியது. இனிப்பாக, கனமாக, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிற நாற்றம். வாயில் எச்சில் ஊறி நிறைந்தது. வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தாள்.

பழைய பல்துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் முக்கி, பிளேடுக்குப் பின்னால் விட்டுத் தேய்த்தாள். சாம்பல் நிறக் கல்சேறு கட்டி கட்டியாக உதிர்ந்தது. அது உதிர்ந்த இடத்திலிருந்து கறுஞ்சிவப்பாக ஒரு பிசின் கசிந்தது. தொட்டால் நூலாக இழுபட்டது. பிரஷின் மயிரெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டது. பழந்துணியின் நூல் இரண்டு வந்தது. அப்புறம் வெள்ளையாக, வளைந்து, ஓரம் கருகி, ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு பக்கத்தில் பிறை போல வெளிறிய அடி.

அவள் கத்தவில்லை. கையை அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு முன்மேஜைக்குப் போனாள். கையை மடக்கினால் அது தோலில் பட்டுவிடும்.

வேதமாணிக்கம் அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தன் கோணல் நகத்துக்குப் பக்கத்தில் வைத்தும் பார்த்தான். பிறகு ஊதி எறிந்தான். “மொசைக்குச் சில்லாக்கும். ஏட்டி, உனக்கு மூக்கு மட்டுந்தான் கோளாறுன்னு நெனச்சேன், கண்ணுமா?”

சொல்லிவிட்டு அந்தக் கையாலேயே வாயைத் துடைத்துக்கொண்டான். சுசீலாபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் மேல் அவளுக்கு அந்த நிமிஷம் வந்தது வெறும் அருவருப்பு.

மெஷினின் உடம்பையும் திறந்து பார்த்தாள். உள்ளே கம்பிச் சுருள், காற்றாடி, கிரீஸ். துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். காலையிலிருந்து வரிசை வரிசையாக உள்ளே போன எறும்புகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. செத்ததும் இல்லை. மூடித் திருகி, வயரைச் சுருட்டாமல், பிளக்கைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். அன்றைக்கு மத்தியானம் சாளை மீன் குழம்பு. சோற்றில் கைவைத்ததும் பிசுபிசுப்பு விரலில் பட, எழுந்து போய்ப் பின்பக்க ஓடையில் குனிந்தாள்.

அந்த வருஷங்களில் சாயங்காலம் அரைமணி நேரம் கரண்டு போகும். பேப்பரில் போட்டு, முறை வைத்து, பகுதி பகுதியாக நிறுத்துவார்கள். சந்தில் இருக்கிற ஆண்களெல்லாம் அந்த அரைமணி நேரத்துக்கு முக்கு டீக்கடையில் போய் நின்று புகைத்துக்கொண்டிருப்பார்கள். வேதமாணிக்கமும் போனான். சுசீலாபாய் கடையில் தனியாக இருந்தாள்.

மெழுகுவத்தி ஏற்றவில்லை. ஏற்றினால் பின்பக்கம் பார்க்க வேண்டிவரும் என்று தோன்றியது. மழை ஓட்டின் மேல் பெய்து, ஓட்டிலிருந்து தகரத்துக்கு வழிந்து, தகரத்திலிருந்து தார்ப்பாயில் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மண்டியில் யாரோ சாக்கு இழுத்தார்கள். நனைந்த ஈயச்சட்டி வாசனை, எலிப் புழுக்கை வாசனை, மண்ணெண்ணெய் வாசனை. இவற்றுக்கு நடுவே மெல்ல மெல்ல, கொசு காதருகே வருவது போல, ஒரு சத்தம் தனியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கியது.

அவளுக்கு நன்றாகப் பழக்கமான சத்தம். விசையை விட்ட பிறகும் பிளேடு உடனே நிற்காது. வேகம் இறங்கி, குரல் தணிந்து, ஸ்ஸ்ஸென்று சுற்றிச் சுற்றித்தான் ஓயும். அது ஓய்வதற்கு முன்பே மெஷினைக் கீழே வைத்துவிடுவதற்காக வேதமாணிக்கத்தை எத்தனை முறை ஏசியிருக்கிறாள். அதே சத்தம் பின்பக்க இருட்டிலிருந்து வந்தது. இறங்கிக்கொண்டே இருந்தது. இப்போது நின்றுவிடும் என்று அவள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். இன்னும் இறங்கியது. ஓயவில்லை.

முகத்தில் ஈரம் பட்டது. சாரல்தான் என்று நினைத்தாள். சாரல் வாசல் பக்கமிருந்து வரும். இது உள்ளேயிருந்து வந்தது. நெற்றியில், கன்னத்தில், உதட்டில் பொடிப் பொடியாக. தன்னை அறியாமல் உதட்டை நக்கினாள். உப்பு. பழைய இரும்புச் சாவியை வாயில் வைத்தது மாதிரி உப்பு.

தீக்குச்சியைக் கிழிக்க மூன்று நாலு தடவை ஆயிற்று. குச்சி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். கட்டர் வைத்த இடத்தில் இருந்தது. பிளேடு அசையவில்லை. பிளக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. புறங்கையைப் பிளேடுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தொடவில்லை. அனல் அடித்தது.

வேதமாணிக்கம் திரும்பி வந்து, கரண்டும் வந்த பிறகு, அவள் முகத்தைக் கழுவிய துணியைக் காட்டினாள். மங்கலாகப் பழுப்புப் பொட்டுகள்.

“தகரம் ஒழுகுது. துருத்தண்ணி. சாரமில்ல, விடு,” என்றான்.

“அந்த மெஷின் நமக்கு வேண்டாம். பழைய இரும்புக்குப் போட்டுருங்க.”

“நாள மறுநாள் ஒருத்தனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். பிளேட மட்டும் துடைச்சுக் குடுத்தாப் போதும்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். “பயப்படாத பிள்ளை. நீ இல்லாம நான் தொட மாட்டேன். போதுமா?”

அவன் வாக்குத் தவறுகிறவன் இல்லை. அதை நினைத்து அவள் அன்றைக்குக் கொஞ்சம் தூங்கினாள்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அவள் கரமனைக்குப் பஸ் ஏறினாள். திரவியம் மேஸ்திரி அங்கே ஒரு புது வீட்டுக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். வீட்டில் வேலை நின்றிருந்தது. ஆட்கள் யாரும் இல்லை. ஹாலில் மேஸ்திரி மட்டும் முட்டிபோட்டு, வெள்ளை மார்பிள் தரையில் ஒரே இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. பக்கத்தில் பினாயில் வாளி.

“மார்பிள் குடிச்சிரும் தங்கச்சி,” என்றார், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே. “மேல உள்ளதுதான் போகும். உள்ள இறங்கினது போகாது.”

அவள் மூக்கில் முந்தானையை அழுத்திக்கொண்டாள். “எங்க மெஷினுல என்ன நடந்துது அண்ணே?”

மேஸ்திரி தேய்ப்பதை நிறுத்தவில்லை. தரையிடம்தான் பேசினார்.

“மெஷினத் திருப்பித் தந்ததுக்கு முந்தின நாளு, சாயங்காலம் கரண்டு போச்சு. மெஷின் பாதி வெட்டுல நின்னுட்டு. பட்டன் அமுங்கினது அமுங்கினபடியே கெடந்திருக்கு. பிச்சைக்கனி கவனிக்கல்ல. சேறு காஞ்சா பிளேடுல பிடிச்சிரும்லா, அதத் துடைக்கப் போனான். துடைக்கதுக்கு முன்ன கேட்டான். ‘கையிலயா அண்ணாச்சி?’ன்னு.”

சுசீலாபாய் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

“உங்க கடையில பாத்துப் படிச்சதாக்கும். எப்பவும் கேப்பான். கேக்காம தொடமாட்டான். நான் போர்டுல தடவி ஒரு வயரப் பிடுங்கிக் கையில வச்சிருந்தேன். ‘கையிலதான் இருக்கு, துடை’ன்னேன்.” உப்புத்தாள் போய் வந்தது. “அது லைட்டு வயரு. ரெண்டுமே தீக்குச்சி வச்சிச் செருகினது. இருட்டுல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருந்துது.”

வெளியே ஒரு ஆட்டோ போயிற்று. மேஸ்திரி வாளியில் கையை முக்கி எடுத்தார்.

“துடைச்சிக்கிட்டு இருக்கும்போ கரண்டு வந்துட்டு. கையோட நிக்கல்ல, மடியில வச்சிருந்தான் பாத்துக்கோ. ஜீப்புல என் மேல கெடந்துக்கிட்டு அதையே கேட்டான். ‘கையிலயா அண்ணாச்சி, கையிலயா அண்ணாச்சி’ன்னு. மெடிக்கல் காலேஜ் வாசல் எத்தும்போ கேக்கது நின்னுட்டு, மூச்சும்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எந்த நாக்க வச்சிச் சொல்ல? ஒண்ணும் சொல்லல்ல.”

“விரலெல்லாம்?”

“கெடச்சதச் சாக்குல எடுத்தோம்,” என்றார். “முழுசும் கெடைக்கல்ல.”

அந்தச் சாக்கு எது என்று அவள் கேட்கவில்லை.

திரும்பும்போது மழை. பஸ் கிள்ளிப்பாலத்தில் நகராமல் நின்றது. பஸ்ஸுக்குள் நனைந்த உடம்புகளின் சூடும் எண்ணெய்த் தலைகளின் நாற்றமும் அவளை நசுக்கின. அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த மெஷினில் புருஷன் கைவைக்கக் கூடாது. கடையில் போனதும் அதைத் தூக்கிக் கரமனை ஆற்றில் போட வேண்டும். அவர் சத்தம் போட்டால் போடட்டும். அவருக்கு இரண்டு கையும் இருக்க வேண்டும். இறங்கி ஓடினாள். சந்துக்குள் அவள் திரும்பியதும், ஆரியசாலை மொத்தமும் யாரோ போர்வையைப் போட்டு மூடியது மாதிரி இருண்டது. கரண்டு போய்விட்டது.

கடை திறந்திருந்தது. மண்ணெண்ணெய் நாற்றம்.

“சுசீலாவா?” பின்பக்க இருட்டிலிருந்து வேதமாணிக்கத்தின் குரல். நிதானமாக, எப்போதும் போல. “எவ்வளவு நேரமா உனக்காகக் காத்திருக்கேன். வா, வந்து கையில எடு. பிளேடத் துடைச்சி வச்சிருதேன்.”

“தொடாதீங்க.”

“தொடல்ல. நீ எடுத்த பெறவுதான்.”

அவள் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். ஆணி அகப்பட்டது. பிளக்கு ஆணியில்தான் இருந்தது. எடுத்து வலது கைக்குள் வைத்து இறுக மூடினாள். பித்தளை ஊசிகள் உள்ளங்கையில் குத்தின. அது போதவில்லை அவளுக்கு. மேஸ்திரியின் கையிலும் ஒரு வயர் இருந்ததே. இடது கையால் வயரைப் பிடித்து, அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே நடந்தாள். வயர் ஈரமாக இருந்தது. அதன் மேல் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. விரலுக்கடியில் அவை நசுங்கின. விடவில்லை. வயர் ஒரு ஸ்டூலின் கால் வழியாக ஏறி, வேதமாணிக்கத்தின் முட்டியைத் தாண்டி, அவன் மடியில் இருந்த கட்டரின் பிட்டத்துக்குள் போய் முடிந்தது. நடுவில் முடிச்சில்லை. வேறு வயர் இல்லை. இதுதான். இது மட்டும்தான். அவள் இரண்டடி பின்னால் வந்து நின்றாள்.

“கையிலயா?” என்றான் வேதமாணிக்கம்.

“கையில. ஆனா அதக் கீழ வைங்க. பிச்சைக்கனி செத்துப் போனான். இதுலதான்.”

மழைச் சத்தம் மட்டும். பிறகு துணி பிளேடில் உரசுகிற சத்தம் தொடங்கியது. சரக். சரக்.

“கேக்கேளா? கீழ வைங்கன்னு சொல்லுதேன்.”

சரக். சரக்.

“கையிலயா?”

“கையிலதான் இருக்கு. போதும். வைங்க.”

துணி நின்றது. தீய்ந்த நக நாற்றம் எங்கிருந்தோ கிளம்பி வந்தது. அப்புறம் அந்த இனிப்பு நாற்றம். அவள் வாயால் மூச்சு விட்டாள். நாக்கில் அது ருசியாகப் படிந்தது.

“கையிலயா அண்ணாச்சி?”

வேதமாணிக்கத்தின் தொண்டைதான். ஆனால் அவன் மார்த்தாண்டத்துக்காரன். வயதில் மூத்தவர்களைக்கூட அண்ணே என்பான். அண்ணாச்சி என்று அவன் யாரையும் கூப்பிட்டதில்லை.

ஸ்ஸ்ஸ்.

நேற்று இறங்கிக்கொண்டே போன சத்தம். இப்போது ஏறியது. விட்ட இடத்திலிருந்து ஏறியது.

பிளக்கு அவள் கையில் இருந்தது. இறுக்கினாள். இருந்தது. ஊசிகள் இரண்டும். குளிர்ந்து. வெறுமனே.

சத்தம் ஏறியது. வீலென்றது. பிறகு வீலென்றது குறைந்து கனத்தது. எதையோ அறுக்கும்போது கனக்குமே, அப்படி. கல் அல்ல. மரமும் அல்ல.

முகத்தில் ஈரம். சூடாக.

வாயை மூடிக்கொண்டாள். உதட்டை நக்கவில்லை. நக்கவில்லை.

கத்தல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவன் கத்தவேயில்லை. சத்தம் மட்டும். துணி சரக் சரக்கென்று நடுவே.

கரண்டு வந்தது.

டியூப் லைட் ஒரு தடவை வெட்டியது. ஸ்டூல், ஆள். இருட்டு. இன்னொரு தடவை வெட்டியது. சுவரெல்லாம் பொட்டு. இருட்டு. பிறகு ரீங்காரத்தோடு நின்று எரிந்தது.

வேதமாணிக்கம் ஸ்டூலில் நேராக உட்கார்ந்திருந்தான். மடியில் கட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டன் அமுங்கியிருந்தது. வலது கையில் துணி இல்லை. துணி பிடித்த விரல்களும் இல்லை. மிச்சமிருந்ததை வைத்து, சேறு காய்ந்து பிடித்துவிடக் கூடாதே என்கிற கவனத்தோடு, அவன் பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் வலி இல்லை. ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிற முகம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

காற்றுத் துளைகளிலிருந்து எறும்புகள் வெளியே வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் வெளுத்த எதையோ தூக்கிக்கொண்டு, அவன் முட்டியில் இறங்கி, வயரில் ஏறி, வயர் வளைந்த இடமெல்லாம் தானும் வளைந்து, மறுமுனையைப் பார்த்து வந்தன. மறுமுனை சுசீலாபாயின் கையில் இருந்தது. முதல் எறும்பு அவள் விரல் முட்டியில் கால் வைத்தது. இத்தனை வருஷம் எதைத் தொட்டாலும் கையை உதறிக் கழுவியவள், இப்போது கையைத் திறக்கவில்லை. திறந்தால் இதைவிட மோசமாக ஏதாவது நடக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

“கையிலயா அண்ணாச்சி?”

பதில் சொல்லாமல் இருந்தால் அவன் கேட்டுக்கொண்டேதான் இருப்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பழகிப்போன வாய் தானாகவே திறந்தது.

“கையில,” என்றாள்.

“சரி அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு, அவன் இடது கையால் துடைக்கத் தொடங்கினான்.